கடலோர வீட்டுத் தோட்டத்தில் விதையிலிருந்து கெமோமில்: கார்த்திகை விதைப்பு முதல் பங்குனி அறுவடை வரை

கெமோமில், பூவை உலர்த்திக் கொதிநீரில் இட்டு அருந்தும் மூலிகைச் செடி. அதன் விதைப் பொட்டலங்களின் பின்புறம் அச்சிட்டிருக்கும் குறிப்பு பெரும்பாலும் குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களுக்காக எழுதப்பட்டது. உறைபனி விலகியபின் விதைத்துக் கோடையில் பூப்பறிக்கலாம் என்று அது சொல்லும். அதை அப்படியே நம்பிப் புதுச்சேரியிலோ கடலூரிலோ மார்ச் மாதத்தில் விதைத்தால், எட்டுப் பத்து வாரம் கழித்துச் செடி மொட்டு வைக்க வேண்டிய நேரமும் அக்னி நட்சத்திரம் தொடங்கும் நேரமும் ஒன்றாக வந்துவிடும். செடி பூக்காமலே கருகும். நம் கடலோரத்தில் இச்செடியை வளர்ப்பதற்கு மண்ணைவிடவும் உரத்தைவிடவும் விதைக்கும் நாளே முதன்மையானது. ஆகவே இந்த வழிகாட்டியைப் பருவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

எப்போது விதைப்பது

இந்தியாவில் இச்செடி புதிதல்ல. லக்னோவைச் சுற்றியுள்ள சமவெளியில் அக்டோபரில் நாற்றுவிட்டு, நவம்பரில் நட்டு, பிப்ரவரி முதல் பூப்பறிக்கிறார்கள். அந்நகரில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனம் இதற்கென்றே ரகங்களையும் வெளியிட்டிருக்கிறது. சமவெளியில் இது குளிர்காலப் பயிராக வெற்றி பெறுகிறது என்பதுதான் நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். ஆனால் அவர்களுடைய அக்டோபரை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, ஏனெனில் நமக்கு அக்டோபர் இன்னும் புழுக்கமான மாதம். அதோடு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் மாதமும் அதுவே.

நம் ஊரில் டிசம்பர் நடுப்பகுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரையிலான இரண்டு மாதங்களில்தான் இரவு வெப்பநிலை 20 முதல் 23 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கி, பகல் வெப்பமும் 30 டிகிரியை ஒட்டி நிற்கிறது. பெட்டூனியாவும் ஆஸ்டரும் டேலியாவும் நம் வீடுகளில் செழித்துப் பூக்கும் பருவம் இதுவே. இந்த இரண்டு மாதக் குளிர்ச்சியில் ஒரு நாளையும் வீணாக்காமல் செடி இலை விட்டுப் பருத்து மொட்டுக்குத் தயாராக வேண்டுமானால், குளிர்ச்சி தொடங்கும்போதே கையில் நாற்று இருக்க வேண்டும். அதற்காகக் கார்த்திகை முதல் பத்து நாட்களுக்குள், அதாவது நவம்பரின் பிற்பகுதியில், விதைப்பதே நல்லது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு தட்டில் விதைத்து வைத்தால், முதல் தட்டு மழையில் கெட்டாலும் பருவம் கைநழுவாது. பொங்கலுக்குப் பிறகு விதைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. முளைக்கும், வளரும், ஆனால் பூவெடுக்கும் நேரத்தில் வெயில் முந்திக்கொள்ளும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஆண்டு மழையின் பெரும்பகுதி கொட்டும் மாதங்களிலேயே, தூசுபோன்ற விதையை மண்ணின் மேற்பரப்பில் வைத்து முளைக்கவைக்க வேண்டியிருக்கிறது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. நாம் பின்பற்றும் கணக்கின்படி முன்னது விதை முளைக்கும் வாரம், பின்னது நாற்று நடும் வாரம். எனவே நேரடி விதைப்பைத் தவிர்த்து, தூக்கி உள்ளே வைக்கக்கூடிய தட்டில் விதைத்து, தூக்கக்கூடிய தொட்டியில் நடுவதே நம் கடற்கரைக்கு ஏற்ற முறை.

எந்த வகை

கெமோமில் என்ற பெயரில் இரண்டு செடிகள் விற்கப்படுகின்றன. ஜெர்மன் கெமோமில் எனப்படும் மாட்ரிகேரியா கெமோமில்லா ஒரே பருவத்தில் வளர்ந்து பூத்து முடியும் செடி. இரண்டடி வரை நிமிர்ந்து வளரும். பூ நிறையத் தரும். ரோமன் கெமோமில் எனப்படும் கெமேமெலும் நோபிலே தரையோடு படர்ந்து பல ஆண்டுகள் வாழும் செடி. ஆனால் அந்தப் பல ஆண்டு வாழ்க்கை மிதமான கோடை உள்ள நாடுகளில்தான் நடக்கும். நம் மே மாதத்தைத் தாண்ட முடியாத செடிக்குப் பல ஆண்டு ஆயுள் இருந்து பயனில்லை. கோடைக்கு முன்பே தன் வாழ்நாளை இயல்பாக முடித்துக்கொள்ளும் ஜெர்மன் வகையே நமக்கு உரியது. நாட்டு மருந்துக் கடைகளில் சீமைச்சாமந்திப் பூ என்று உலர்த்தி விற்பதும் பெரும்பாலும் இதைத்தான்.

விதை வாங்கும்போது பொட்டலத்தில் தாவரவியல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்ரிகேரியா என்ற பெயரிலேயே ஃபீவர்ஃபியூ என்னும் வேறொரு அலங்காரச் செடியின் விதையையும் அலங்காரப் பூச்செடி வணிகத்தில் விற்கிறார்கள். அதன் இலை அகன்று சாமந்தி இலையை ஒத்திருக்கும். நம் செடியின் இலையோ நூல் நூலாகப் பிரிந்திருக்கும். பூத்தபின் ஐயம் எழுந்தால், மஞ்சள் நடுப்பகுதியைக் கட்டைவிரல் நகத்தால் மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்து பார்க்கலாம். உள்ளே கூம்பு வடிவில் வெற்றிடம் இருந்தால் அது ஜெர்மன் கெமோமில். சதைப்பற்றோடு அடைத்திருந்தால் ரோமன் வகையோ வேறு செடியோ ஆகும்.

பொட்டலம் ஆடி, ஆவணியிலேயே கைக்கு வந்துவிட்டால் அலமாரியில் வைக்க வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது முளைப்புத் திறனைக் காக்கும்.

விதைக்கும் கலவையும் விதைப்பும்

நாற்றுக்கான கலவையில் உரம் அதிகம் தேவையில்லை. ஈரத்தைப் பிடித்து, மிகுதி நீரை உடனே வடித்துவிடும் தன்மையே தேவை. தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு என்று சேர்த்தால் போதும். தென்னைநார்க் கழிவுக் கட்டியை ஊறவைத்த நீரை அப்படியே விடாமல், இரண்டு மூன்று முறை நல்ல நீர் மாற்றிப் பிழிந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் அதில் இயல்பாகவே உப்பு தங்கியிருக்கும். கடற்கரை மணலை எந்த நிலையிலும் சேர்க்கக் கூடாது. கலவையோடு நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியின் தூளை ஒரு கைப்பிடி கலந்து இரண்டு நாள் ஈரமாக மூடிவைத்தால், பின்னர் வரக்கூடிய நாற்றழுகலுக்கு அது நல்ல தடுப்பு.

இரண்டு மூன்று அங்குல ஆழமும் அடியில் துளைகளும் உள்ள எந்தத் தட்டும் போதும். கலவையை நிரப்பி மட்டப்படுத்தி, தட்டை நீர் நிறைந்த பெரிய தாம்பாளத்தில் வைத்து, மேற்பரப்பு கறுத்து ஈரம் தெரியும் வரை அடியிலிருந்தே நீரை உறிஞ்ச விட வேண்டும். விதைத்தபின் மேலிருந்து ஊற்றினால் விதைகள் அடித்துச் செல்லப்பட்டு ஒரு மூலையில் குவிந்துவிடும்.

இனி விதை. இது கசகசாவைவிடவும் சிறியது. ஒரு கிராமில் பல ஆயிரம் விதைகள் இருக்கும். வெளிர்பழுப்பு நிறத்தில், சற்றே வளைந்த துணுக்குகளாகத் தெரியும். வெறும் கையால் தூவினால் ஓரிடத்தில் நூறும் இன்னோரிடத்தில் ஒன்றுமில்லாமலும் விழும் என்பதால், ஒரு சிட்டிகை விதையை இரண்டு மேசைக்கரண்டி உலர்ந்த நுண்மணலோடு கலந்து, நடுவில் மடித்த கெட்டித் தாளில் வைத்து, தாளின் ஓரத்தை விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே தட்டின் நீளவாக்கில் ஒரு முறையும் அகலவாக்கில் ஒரு முறையும் தூவ வேண்டும். மணல் விழுந்த இடம் வெளிறித் தெரிவதால் விடுபட்ட இடமும் கண்ணுக்குத் தெரியும். காற்றில்லாத அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

தூவியபின் மேலே மண் போடக் கூடாது. இதுதான் நம் கைப்பழக்கத்துக்கு மாறான இடம். கீரை விதையையும் மிளகாய் விதையையும் மூடியே பழகிய கை, இதையும் மூடத்தான் செய்யும். ஆனால் கெமோமில் விதை முளைப்பதற்கு ஒளி வேண்டும். ஒரு தட்டையான பலகையால் மேற்பரப்பை மெல்ல அழுத்தினால், விதை ஈர மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், அதுவே போதும். பிறகு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடியையோ கண்ணாடித் தகட்டையோ மேலே வைத்து, மழைச்சாரல் படாத தாழ்வாரத்தில் அல்லது கிழக்குப் பார்த்த சன்னலோரத்தில், நேரடி வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் விழும்படி வைக்க வேண்டும்.

தட்டை எறும்பிடமிருந்து காப்பது மறக்கக் கூடாத வேலை. மழைக்காலத்தில் எறும்புகள் வீட்டுக்குள் ஏறும். மேற்பரப்பில் திறந்து கிடக்கும் இந்த விதைகளை ஒரே இரவில் சுமந்து போய்விடும். நீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே ஒரு செங்கல் வைத்து, அதன்மேல் தட்டை வைத்தால் இத்தொல்லை இல்லை.

முளைத்த பின்

ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் பெரும்பாலான விதைகள் முளைத்துவிடும். முதலில் தோன்றும் இரு வித்திலைகளும் ஊசித்தலை அளவே இருக்கும். பச்சைப் பாசி படிந்ததுபோல் தோன்றுவதைக் குனிந்து பார்த்தால்தான் நாற்று என்று தெரியும். அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும். நம் மழைக்காலக் காற்றில் ஈரப்பதம் ஏற்கெனவே மிகுதி. மூடி இருந்தால் நாற்றின் தண்டு மண்மட்டத்தில் நீர்கோத்துச் சுருங்கி, தட்டின் ஒரு பகுதி முழுவதும் ஒரே நாளில் சாய்ந்துவிடும். நாற்றழுகல் என்பது இதுதான். வந்தபின் காப்பாற்றுவது கடினம். காற்றோட்டமும், அடியிலிருந்து நீர் கொடுப்பதும், மேற்பரப்பு சற்றே உலர்ந்தபின் மட்டும் நனைப்பதும்தான் உண்மையான மருந்து. சாய்ந்த பகுதி சிறிதாக இருந்தால் அதைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி எறிந்துவிட்டு, நன்மை செய்யும் பாக்டீரியாவான சூடோமோனாஸின் கரைசலை மற்ற நாற்றுகளுக்குத் தெளிக்கலாம்.

முளைத்ததிலிருந்து காலை வெயில் அவசியம். மேகமூட்டம் தொடர்ந்து நாற்று வெளிறி நீண்டால், மழை விட்ட நேரத்திலெல்லாம் தட்டை வெளியே எடுத்து வைக்கத் தயங்க வேண்டாம். மூன்றாம் வாரத்தில் இறகுபோலப் பிளந்த உண்மையிலைகள் தெரியும். அப்போது நெருக்கமாக உள்ள இடங்களில் சிறிய கத்தரிக்கோலால் வலுவற்றவற்றை மண்மட்டத்தில் நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் சேர்ந்து வரும். தொழுவுரமோ தோட்டத்து மண்ணோ சேர்த்திருந்தால் பார்த்தீனியம் நாற்றும் ஊடே முளைக்கலாம். அதன் இலையும் பிளவுபட்டதே என்றாலும் பிளவுகள் அகலமாக, நரைத்த பச்சையில், மயிருடன் இருக்கும். கெமோமில் இலையைக் கசக்கினால் வரும் இனிய ஆப்பிள் மணம் அதில் இருக்காது.

நடவு

விதைத்த நான்காம் அல்லது ஐந்தாம் வாரத்தில், நாற்று இரண்டு அங்குல உயரம் இருக்கும்போதே, அதாவது மார்கழி நடுவிலிருந்து, நட்டுவிட வேண்டும். வளரவிட்டு நடுவது இச்செடிக்கு ஒத்துவராது.

தொட்டிக்கோ வளர்ப்புப் பைக்கோ எட்டு அங்குல ஆழம் போதும், ஏனெனில் வேர் மேலோட்டமாகவே பரவும். பண்ருட்டி, கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் கிடைத்தால் அது இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்று கலக்கலாம். தென்பெண்ணை, கெடிலம் ஆற்றுப் பகுதியின் வண்டல் மண் மட்டுமே கிடைக்குமானால் மணலைக் கூட்டுங்கள். இதற்கு மேல் உரம் சேர்க்க வேண்டாம் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன்: தழைச்சத்து மிகுந்தால் இலை அடர்ந்து, தண்டு மெலிந்து சாய்ந்து, பூ குறையும். கடலைப் பிண்ணாக்குக் கரைசலை ரோஜாவுக்கு ஊற்றும்போது மிச்சத்தை இதற்கும் ஊற்றும் வழக்கத்தைத் தவிர்க்க வேண்டும்.

மாலையில், ஓர் ஈர்க்குச்சியால் நாற்றின் அடியை நெம்பி, இரண்டு மூன்று நாற்றுகள் சேர்ந்த சிறு மண்கட்டியாக எடுத்து, செடிக்குச் செடி எட்டு முதல் பத்து அங்குல இடைவெளியில் நடவேண்டும். ஓரடி அகலத் தொட்டியில் மூன்று குத்துகள் போதும். தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்குங்கள். முதல் நான்கு நாட்கள் நிழலில் வைத்து, பிறகு படிப்படியாக வெயிலுக்கு நகர்த்தி, தை மாதம் முழுவதும் ஐந்தாறு மணி நேர வெயில் படும் இடத்தில் வைக்கலாம். மாசி பிறந்ததும் நண்பகல் வெயிலை மட்டும் மறைக்கும்படி நிழல்வலை கட்டினால் பூக்கும் காலம் நீளும். மொட்டைமாடியில் வளர்ப்பவர்கள் தொட்டியைத் தளத்தின்மேல் நேரடியாக வைக்காமல் செங்கல்மேல் வைக்க வேண்டும். தளத்தின் சூடு வேரைத் தாக்குவது அதனால் குறையும்.

நீர், பூச்சி

கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்த்திருப்பது பலரையும் தயங்கவைக்கும். வளர்ந்த கெமோமில் உவர், களர் நிலங்களையும் தாங்கக்கூடியது; உத்தரப் பிரதேசத்தின் களர் நிலங்களில் இதைப் பயிரிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆயினும் நாற்றுப் பருவத்துக்கு அந்தத் தாங்குதிறனை எதிர்பார்க்காமல், கார்த்திகையில் இலவசமாகக் கிடைக்கும் மழைநீரைப் பிடித்து வைத்துப் பயன்படுத்துவது நல்லது. நட்டபின் மேல்மண் ஓர் அங்குலம் உலர்ந்ததும் நீர் விடலாம். உவர்நீர் விடுபவர்கள் வாரம் ஒரு முறை நல்ல நீரைத் தாராளமாக ஊற்றி, தங்கிய உப்பைத் தொட்டியின் அடித்துளை வழியே வெளியேற்ற வேண்டும்.

பூச்சிகளில் அசுவினிதான் முதன்மையானது. மொட்டுக் காம்புகளில் கருமையாகவோ பச்சையாகவோ மொய்த்திருக்கும். பூவை நாம் அருந்தப் போகிறோம் என்பதால் இரசாயன மருந்துக்கு இங்கே இடமில்லை. மொட்டு விரியும் முன் வேப்பெண்ணெய்ச் சோப்புக் கரைசலைத் தெளிக்கலாம். பூக்கத் தொடங்கியபின் வெறும் நீரைப் பீய்ச்சி அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பறித்தல், உலர்த்துதல்

மாசியில் முதல் பூக்கள் விரியும். வெண்ணிற இதழ்கள் முதலில் மேல்நோக்கி இருந்து, பின் கிடைமட்டமாக விரிந்து, நாள் செல்லச்செல்லக் கீழ்நோக்கி மடங்கும். அதே வேளையில் மஞ்சள் நடுப்பகுதி உப்பிக் கூம்பாக எழும். இதழ்கள் கிடைமட்டமாக இருக்கும் நாளிலிருந்து சற்றே மடங்கத் தொடங்கும் நாள் வரையே பறிப்பதற்கு உரிய காலம். அதற்குப் பிறகு பூ உலரும்போது மஞ்சள் பகுதி பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

பனி உலர்ந்து வெயில் ஏறாத நேரத்தில், ஏறத்தாழ எட்டிலிருந்து பத்து மணிக்குள் பறிக்கலாம். விரல்களைச் சற்றே விரித்து, உள்ளங்கை மேல்பார்க்க, பூத்தலைகளுக்குக் கீழே காம்புகளினூடே நுழைத்து மேல்நோக்கி இழுத்தால், காம்பு கீழே நின்று பூத்தலை மட்டும் கைக்கு வரும். பறிக்கப் பறிக்கப் பக்கக்கிளைகளில் மொட்டு வரும் என்பதால் நான்கைந்து நாளுக்கு ஒரு முறை தவறாமல் பறிக்க வேண்டும். பறித்த பூவை வெள்ளைத் துணியில் அரை மணி நேரம் பரப்பிவைத்தால் உள்ளே இருக்கும் சிறு பூச்சிகள் வெளியேறிவிடும். கழுவ வேண்டாம்.

உலர்த்துவதுதான் நம் ஊரில் உண்மையாகவே கடினமான கட்டம். வெயிலில் வற்றல் காயவைப்பதுபோல் இதைக் காயவைக்கக் கூடாது. மணத்துக்குக் காரணமான எண்ணெய் ஆவியாகிவிடும். நிழலிலோ, மாலைக் கடற்காற்று கொண்டுவரும் ஈரத்தில் பகலில் உலர்ந்த பூவும் மீண்டும் பதத்துப்போகிறது. முறத்தில் துணி விரித்து ஒற்றை அடுக்காகப் பரப்பி, உள்ளறையில் மின்விசிறிக்குக் கீழே வைத்து, பிற்பகலிலேயே கடல்பக்கச் சன்னலை மூடிவிடுவது பயன்தரும். வெப்பக்காற்று உலர்த்தி வைத்திருப்பவர்கள் 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். இதழ் மொறுமொறுப்பானதை வைத்து முடிவு செய்துவிடாமல், மஞ்சள் பகுதியை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் உலர்ந்தது, பசைபோல ஒட்டினால் இன்னும் இரண்டு நாள் வேண்டும். ஈரம் மிச்சமிருக்கும் ஒரு பிடி பூ, சீசா முழுவதிலும் பூஞ்சை பிடிக்கவைக்கும். கண்ணாடிச் சீசாவில் அடைத்த மூன்றாம் நாள் உட்புறத்தில் ஆவி படிந்திருந்தால் மறுபடியும் கொட்டி உலர்த்த வேண்டும். பச்சைப் பூவின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் உலர்பூவாகக் கிடைக்கும்.

ஒரு குவளை கொதிநீருக்கு இரண்டு தேக்கரண்டி உலர்பூ இட்டு, மூடிவைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்து வடிகட்டி அருந்தலாம். பலரும் மூட மறப்பதால் பூவின் மணம் ஆவியோடு போய்விடுகிறது. சாமந்தியும் பார்த்தீனியமும் இச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவற்றால் தோல் அரிப்போ மூச்சிரைப்போ ஏற்படுபவர்கள் இதை அருந்தக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து உட்கொள்பவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

அடுத்த பருவத்துக்கு விதை

மாசி இறுதியில், சாயாமல் அடர்த்தியாகப் பூத்த இரண்டு மூன்று செடிகளை அடையாளமிட்டு, அவற்றில் பறிப்பதை நிறுத்திவிட வேண்டும். இதழ்கள் உதிர்ந்து, நடுக்கூம்பு பழுப்பேறி, விரல் பட்டாலே உதிரும் நிலை வந்ததும் பூத்தலைகளைத் தாள் உறையில் கொய்து, ஒரு வாரம் உலரவிட்டு, தேயிலை வடிகட்டியில் இட்டுத் தேய்த்தால் விதை கீழே விழும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரண்டு ஆண்டுகளுக்குள் பயன்படுத்துங்கள். பங்குனியில் செடி அடியிலிருந்து மஞ்சளாகத் தொடங்கினால் நீரைக் கூட்டிக் காப்பாற்ற முயல வேண்டியதில்லை. பிடுங்கி உரக்குழியில் போட்டுவிடலாம். உதிர்ந்த விதைகளில் சில ஐப்பசி மழையில் அதே தொட்டியில் தாமாக முளைப்பதுண்டு. ஆனால் கோடைச் சூட்டையும் எறும்பையும் தாண்டி எத்தனை மிஞ்சும் என்று சொல்ல முடியாது என்பதால், எடுத்து வைத்த விதையைத் தட்டில் விதைப்பதை அவற்றை நம்பி விட்டுவிட வேண்டாம்.